கிட்டில் அடர்மஞ்சள், குளத்தில் பச்சை: குளோரின் கூடுதலா, குறைவா?

தோப்புக்காரி (கொழிஞ்சாம்பாறை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. கோவையில் வசிக்கும் மகனின் விருப்பத்துக்காக, கடந்த பொங்கலை ஒட்டித் தோப்பு வீட்டின் பின்புறம் ஒரு சிறிய நீச்சல் குளம் கட்டினோம். நீளம் 24 அடி, அகலம் 12 அடி. ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடியில் தொடங்கி மறுமுனையில் ஐந்தரை அடியில் முடிகிறது. எங்கள் போர்வெல் தண்ணீரைக் கொண்டே நிரப்பினோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கட்டிக் கொடுத்தவர்கள் முதல் நாளன்று ‘ஸ்டெபிலைசர்’ என்று ஒரு கிலோ வெள்ளைத் தூளைக் கரைத்துவிட்டு, இனி வாரத்துக்கு இரண்டு டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரைகளை (ஒன்று 200 கிராம்) மிதவையில் போட்டுவந்தால் போதும் என்று சொல்லிச் சென்றார்கள். இந்த இருபத்தொரு வாரத்தில் ஒரு வாரமும் நான் தவறவில்லை. சித்திரை முடியும் வரை அடித்தளத்து ஓடுகளை எண்ணிவிடலாம் போல நீர் தெளிவாக இருந்தது. வைகாசி பிறந்ததிலிருந்து சுவரில் வழுவழுப்பு, பிறகு இளம்பச்சை. தேய்த்துக் கழுவினாலும் மூன்றாம் நாள் மறுபடியும் பச்சை.

எனக்குப் புரியாதது இதுதான். நீரைச் சோதிக்கும் கிட்டில் ஐந்து சொட்டு விட்டுப் பார்த்தால் நிறம் அடர்மஞ்சளாக, அட்டையிலுள்ள கடைசிக் கட்டமான 3 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) தாண்டித் தெரிகிறது. பிஎச் (அமில, கார அளவு) பார்க்கும் குழாயிலும் நிறம் 7.8ஐத் தாண்டியே நிற்கிறது. குளித்தவர்கள் கண் எரிகிறது, குளோரின் நாற்றம் அடிக்கிறது என்கிறார்கள். ஆகவே குளோரின் கூடிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்கிறார் என் கணவர். பாசி வந்தால் குளோரின் போதவில்லை என்றுதான் பொருள், வாரம் நான்காகப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். இருவர் சொல்வதும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்?

பேரக்குழந்தைகள் சனி, ஞாயிறுகளில் வருகிறார்கள். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வந்த செய்திகளைப் படித்ததிலிருந்து, பச்சை படிந்த நீரில் அவர்களை இறக்க மனம் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

வேதியியல் வாத்தியார் (பொள்ளாச்சி):

அம்மா, இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் கிட் தன்னால் சொல்ல முடிந்ததை மட்டும் சொல்கிறது. நீங்கள் கேட்கும் கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

மஞ்சளாக மாறும் அந்தச் சொட்டு மருந்து ஓடிஓ எனப்படுவது. அது நீரிலுள்ள மொத்தக் குளோரினையும் காட்டும். ஆனால் கிருமியையும் பாசியையும் கொல்லும் வேலையைச் செய்வது, எதனோடும் சேராமல் நிற்கும் கட்டற்ற குளோரின்தான். வியர்வை, சிறுநீர், அழுகும் இலை ஆகியவற்றிலிருந்து வரும் நைட்ரஜன் சேர்மங்களோடு இணைந்துவிட்ட பங்கு குளோரமின் என்ற பெயரில் வேலைக்கு ஆகாததாக நீரில் தங்கிவிடுகிறது. கண்ணை எரிப்பதும், நாம் ‘குளோரின் நாற்றம்’ என்று சொல்வதும் பெரும்பாலும் இந்தக் குளோரமினால் வருவதே. நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தின் கரையில் மூக்குக்கு ஏதும் எட்டாது. ஆகவே நாற்றத்தை வைத்துக் குளோரின் கூடிவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு.

டிபிடி எனப்படும் இளஞ்சிவப்பு நிறச் சோதனைக்கு மாறுங்கள். அதில் முதல் மாத்திரை கட்டற்ற குளோரினைக் காட்டும். அதே குழாயில் மூன்றாம் எண் மாத்திரையைச் சேர்த்தால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே சேர்ந்த குளோரின். அது 0.5 பிபிஎம்மைத் தாண்டுவது நல்லதல்ல.

இனி, என் ஐயமெல்லாம் உங்கள் மாத்திரை மேல்தான். டிசிசிஏ நீரில் கரையும்போது குளோரினை மட்டும் தருவதில்லை; தன் எடையில் பாதிக்குச் சற்று மேலாகச் சயனூரிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. முதல் நாள் கரைத்த ஸ்டெபிலைசரும் அதே பொருள்தான். அது கெட்ட பொருள் அன்று. அது சிறிதும் இல்லாத குளத்தில் நம் ஊர் உச்சிவெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினைப் பெரும்பாலும் தின்றுவிடும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் அது குளோரினுக்குக் குடையாக நிற்கும். ஆனால் குளோரின் வெயிலில் செலவாகிவிடுகிறது, சயனூரிக் அமிலமோ ஆவியாவதும் இல்லை, எளிதில் சிதைவதும் இல்லை, அப்படியே சேர்ந்துகொண்டே போகிறது. அது மிகுந்துவிட்டால் குளோரினைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, வேலை செய்யும் பங்கை மிகச் சிறிதாக்கிவிடுகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். குளத்தின் சராசரி ஆழம் நாலரை அடி. 24ஐ 12ஆலும் நாலரையாலும் பெருக்கினால் 1,296 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 36,700 லிட்டர். ஒரு கிலோ ஸ்டெபிலைசர் 27 பிபிஎம் தந்திருக்கும். வாரத்துக்கு 400 கிராம் மாத்திரை ஏறத்தாழ 6 பிபிஎம் சேர்த்திருக்கும். இருபத்தொரு வாரத்துக்கு 126. பேக்வாஷிலும் (நீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) தெறிப்பிலும் போனதைக் கழித்தாலும் 100க்கு மேல்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். கடைக்காரர் சொன்னபடி நான்கு மாத்திரையாக்கினால் அது வாரம் 12 வீதம் ஏறும்.

பிஎச் பற்றியும் ஒரு சொல். 7.5இல் கட்டற்ற குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8இல் அது கால் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே முதலில் ஆசிட் விட்டு அதை 7.4க்குக் கொண்டுவாருங்கள்.

பம்ப் ரூம் (கொல்லங்கோடு):

வாத்தியார் ஐயா சொன்னது சரியான காரணம். கொல்லங்கோடு, நெம்மாறைப் பக்கத்தில் ஒன்பது வீட்டுக் குளங்களைப் பராமரித்துவருகிறேன். வெயில்காலத்தின் கடைசியில் பச்சையாகிறது என்று என்னை அழைப்பவர்களில் பெரும்பாலானோர் மாத்திரையை மட்டுமே நம்பியிருந்தவர்கள்.

சயனூரிக் அமிலத்தை அளப்பதற்கு, அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாய் வரும். மருந்து கலந்து கலங்கலான நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே வந்து, புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். அதை வெயிலுக்கு முதுகு காட்டி, குழாயை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள். குழாய் 100க்கு மேல் காட்டாது. எனவே குளத்து நீரும் குடிநீரும் சம அளவில் கலந்து சோதித்து, கிடைத்த எண்ணை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

டிபிடி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கட்டற்ற குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றிய கணத்திலேயே வெளுத்து, நீர் நிறமற்றதாகத் தெரியலாம். பார்ப்பவர் குளோரினே இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுவார். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படிக் கொட்டியிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் நீச்சலுடை இரண்டே நாளில் வெளுத்துப்போனது, அவற்றுக்கு என் கையிலிருந்துதான் பணம் கொடுத்தேன். ஐயம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீருக்கு நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் சோதித்து, ஐந்தால் பெருக்குங்கள். அதேபோல் குளோரின் மிகுந்திருக்கும்போது பிஎச் சோதனையின் சிவப்பும் ஊதாவாகத் திரிந்து, இல்லாத உயர்வைக் காட்டும்.

சயனூரிக் அமிலம் 100க்கு மேல் இருந்தால் அதை இறக்கும் மருந்தைத் தேடி அலைய வேண்டாம். நீரை மாற்றுவதே வழி. ஆனால் குளத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடாதீர்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டது. நிலத்தடி நீர் ஏறிய மண்ணில் வெறுங்குளத்தை அடியிலிருந்து நீர் தூக்கி, தொட்டி வெடித்துவிடும் அபாயம் உண்டு. ஐந்தில் இரண்டு பங்கை இறக்கி நிரப்புங்கள். ஓரிரு நாள் ஓட்டிவிட்டு அதே அளவை மறுபடியும் மாற்றுங்கள்.

இறக்கும் நீரைத் தென்னைக்கு விடலாம். அதற்கு முன் மிதவையை எடுத்துவிட்டு, குளோரின் சுழியத்துக்கு வரும்வரை வெயிலில் விடுங்கள். தோட்டில் (ஓடையில்) மட்டும் திறந்துவிடாதீர்கள், மீன் செத்து மிதக்கும்.

இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். மாத்திரை போட்ட மிதவையிலோ வாளியிலோ பிளீச்சிங் பவுடரையோ கால்சியம் ஹைப்போகுளோரைட்டையோ போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஈரத்தில் சந்தித்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அவை கலந்தால் எழும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். எந்த மருந்தானாலும் நீரில் மருந்தைச் சேர்க்க வேண்டும், மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது.

தோப்புக்காரி:

இருவருக்கும் நன்றி. மகன் கோவையிலிருந்து டிபிடி கிட்டும் புள்ளிக் குழாயும் வாங்கிவந்தான். கட்டற்ற குளோரின் 1.5, மொத்தம் 2.5, அதாவது சேர்ந்த குளோரின் மட்டும் ஒரு பிபிஎம். சயனூரிக் அமிலம் பாதி நீர் கலந்து பார்த்தபோது 65, ஆகவே 130. பிஎச் 8.2. காரத்தன்மை 240, கால்சியக் கடினத்தன்மை 450.

இரண்டு ஐயங்கள். கணவர் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரையே இனிமேல் குளத்துக்கும் போடலாம் என்கிறார். அது சரியா? அடுத்து, ஒவ்வொரு முறையும் பதினைந்தாயிரம் லிட்டர் மாற்ற வேண்டுமென்றால், எங்கள் போர்வெல் கோடைக்குப் பின் இன்னும் தேறவில்லை. டேங்கர் நீரை நம்பலாமா?

சாரல் (முதலமடை):

அம்மா, டேங்கர் வருவதற்கு முன் உங்கள் வீட்டுக் கூரையைப் பாருங்கள். குளத்தின் மேல் நேராக விழும் மழை பெரிதல்ல. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 270 லிட்டர்கூட வராது. ஆனால் 1,500 சதுர அடிக் கூரையிலிருந்து அதே மழைக்கு 1,390 லிட்டர் வரும். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் தொட்டியில் பிடித்துக் குளத்துக்குத் திருப்பலாம். நம் கிழக்குப் பக்கம் மலைக்கு மேற்கே பெய்வதுபோல் கொட்டாது என்பது உண்மைதான். இருந்தும் அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்பதே உங்களுக்குப் பெரிய லாபம். 450 கடினத்தன்மையுள்ள குளத்தில் மீண்டும் போர்வெல் நீரையே ஊற்றினால், சயனூரிக் அமிலம் குறையும், ஓட்டில் வெள்ளைப் பொருக்கு குறையாது.

பிளீச்சிங் பவுடர் பற்றிக் கேட்டீர்கள். கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது நல்ல வழக்கம். குளத்துக்கும் அது குளோரின்தான். ஆனால் அதில் குளோரின் 33 விழுக்காட்டளவே இருக்கும், மீதியில் பெரும்பங்கு சுண்ணாம்பு. மழைக்காலத்து ஈரத்தில் மூட்டையைத் திறந்து வைத்தால் அந்த 33உம் வாரக்கணக்கில் இறங்கிவிடும். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த உங்கள் நீருக்கு அது வேண்டாம். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் அதே காரணத்தால் இரண்டாம் பட்சம்தான். கேனில் வரும் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டே உங்களுக்கு ஏற்றது. சயனூரிக் அமிலத்தையோ கால்சியத்தையோ அது சேர்ப்பதில்லை. நிழலில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் தேக்காதீர்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு போதும்: ஆயிரம் லிட்டரில் ஒரு பிபிஎம் ஏற்ற ஒரு கிராம் குளோரின் வேண்டும். உங்கள் குளத்துக்கு ஒரு பிபிஎம்முக்கு 37 கிராம். 10 விழுக்காட்டுத் திரவத்தில் அது ஏறத்தாழ 370 மில்லி. 65 விழுக்காட்டுக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளானால் 57 கிராம், பிளீச்சிங் பவுடரானால் 110 கிராம்.

வாத்தியார் ஐயாவோடு ஓர் இடத்தில் மட்டும் பணிவோடு மாறுபடுகிறேன். 7.5இல் பாதி, 8இல் கால் பங்கு என்பது சயனூரிக் அமிலம் இல்லாத நீரின் கணக்கு. அது இருக்கும் குளத்தில் பெரும்பகுதிக் குளோரின் அதனோடு பிணைந்திருப்பதால், பிஎச் சற்று ஏறினாலும் வீரியம் அவ்வளவு சரிவதில்லை. ஆகவே 7.4ஐ நோக்கி நாள்தோறும் ஆசிட் ஊற்ற வேண்டியதில்லை. உங்கள் காரத்தன்மைக்கு அது எப்படியும் மறுபடி ஏறும். 7.8ஐத் தாண்டும்போது மட்டும் அரை லிட்டர் ஆசிடைப் பம்ப் ஓடும்போது, நீர் திரும்பி வரும் வாய்க்கருகில் மெல்ல விட்டு, சில மணி நேரம் கழித்து அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பொருக்கு கட்டாமல் இருக்கவும் கண் எரியாமல் இருக்கவும் அது போதும்.

வேதியியல் வாத்தியார்:

ஏற்றுக்கொள்கிறேன். பள்ளிப் பாடக் கணக்கை அப்படியே குளத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நீர் மாற்றி முடிந்ததும் பாசியைக் கொல்லும் கட்டம் வரும். அப்போது கட்டற்ற குளோரினைச் சயனூரிக் அமிலத்தின் ஐந்தில் இரண்டு பங்குக்கு உயர்த்தி, பாசி சாகும்வரை அங்கேயே நிறுத்த வேண்டும். 130இல் அதைச் செய்ய 52 பிபிஎம் ஆகும். இரண்டு முறை நீர் மாற்றியபின் வரக்கூடிய 45இல் 18 போதும். நீரை ஏன் மாற்றச் சொன்னோம் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரியும். ஒருமுறை கொட்டிவிட்டு விடக் கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை அளந்து, குறைந்ததை ஈடுசெய்து, சுவரைத் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓட்டி, ஃபில்டரின் அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ் செய்யுங்கள்.

எப்போது முடிந்தது என்பதற்கு இரவுச் சோதனை இருக்கிறது. இருட்டிய பின் ஒருமுறையும் விடிவதற்கு முன் ஒருமுறையும் அளங்கள். இரவில் வெயில் இல்லை. எனவே குறைவது முழுவதும் நீரிலுள்ள உயிர்களும் அழுக்கும் தின்றதே. ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை, சேர்ந்த குளோரினும் 0.5க்குள் வந்துவிட்டது, நீரும் தெளிந்துவிட்டது என்றால் நிறுத்தலாம்.

அமீபாவைப் பற்றி: அது மூக்கின் வழியே ஏறும்போதுதான் ஆபத்து, வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நீரே அதற்கு உகந்த இடம். கேரளத்தில் முதல் நோயாளி 2016இல் ஆலப்புழையில் கண்டறியப்பட்டார். கட்டற்ற குளோரினை இடைவிடாமல் சரியான அளவில் வைத்திருப்பது அதற்கும் தடுப்பு. இந்தக் கட்டம் முடியும்வரை பேரப்பிள்ளைகளை இறக்காதீர்கள்.

தோப்புக்காரி (பதினேழு நாள் கழித்து):

இரண்டு முறை நீர் மாற்றினோம். பாதிக்கு மேல் கூரை மழைநீர். குறைந்ததற்கு மட்டும் ஒரு டேங்கர் வரவழைத்தோம். சயனூரிக் அமிலம் இப்போது 45, கடினத்தன்மை 260.

ஒன்றிலிருந்து 18க்கு ஏற்ற ஆறேகால் லிட்டர் திரவம் பிடித்தது. முதல் இரவில் 4.5 பிபிஎம் குறைந்தது. மூன்றாம் இரவில் 2. ஆறாம் இரவில் 0.5. சேர்ந்த குளோரின் 0.2. நாற்றம் சுத்தமாக இல்லை. குளோரினே போடவில்லையா என்று கேட்டுவிட்டுக் கணவர் தாமே ஒரு முறை அளந்து பார்த்தார்.

இனி நாள்தோறும் எவ்வளவில் வைத்திருக்க வேண்டும்? மேலும் இரண்டு டப்பா மாத்திரை மீதம் இருக்கிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை.

பம்ப் ரூம்:

நல்ல செய்தி, அம்மா. சயனூரிக் அமிலம் 45 என்றால் கட்டற்ற குளோரின் மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. 4க்கும் 6க்கும் இடையில் வைத்திருங்கள். மாலையில் பம்ப் ஓடும்போது விட்டால் இரவு முழுவதும் வெயிலின் தொல்லையின்றி வேலை செய்யும். மேகமூட்டமான நாளில் ஒரு பிபிஎம் ஈடுசெய்தால் போதலாம், மாசி, பங்குனி வெயிலில் மூன்றுகூடக் கேட்கும். முதல் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினால் உங்கள் குளத்தின் பசி உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஆட்கள் கூடிக் குளித்த நாளிலும் பெருமழை பெய்த நாளிலும் மட்டும் கூடுதலாக ஒருமுறை அளங்கள்.

மாத்திரையை எறிய வேண்டாம். நீங்கள் கோவைக்குப் போய் ஐந்தாறு நாள் தங்கும்போது மிதவையில் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் குளத்தில் ஒரு மாத்திரைக்கு 3 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஏறும். போடும் ஒவ்வொன்றையும் பம்ப் அறைச் சுவரில் கோடு கிழித்து வையுங்கள். ஐந்து கோடு ஆனதும் புள்ளிக் குழாயை எடுத்து அளந்துவிடுங்கள். டப்பாவை ஈரம் படாத இடத்தில், திரவக் கேனும் ஆசிடும் இல்லாத வேறு அறையில், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.